லெஸ்டருக்கு ஒரு நேரச் சாப்பாடு

சிவமயம்

ஹோம்புஷ், சிட்னி
10 மார்ச் 1974

அன்புள்ள ரஞ்சினி அக்காவுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் தந்தி வந்திருக்கும். யோகராணிக்கு இருமல் குறைந்துவிட்டது. எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது. இந்தக் கடிதம் அந்தப் பல்லால் வந்தது.

பிடுங்கியவர் டொக்டர் பாரக்ளோ. ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. நான் போட்ட சத்தத்தைக் கேட்டதும் அவர் குறட்டைக் கீழே வைத்துவிட்டு, அதே சத்தத்தை இன்னொருமுறை போட முடியுமா என்று கேட்டார். அவர் இந்தப் பகுதி ஆண்கள் பாட்டுக் கழகத்தின் தலைவராம். கீழ்க்குரலுக்கு ஆள் இல்லாமல் ஒரு வருடமாகத் தேடுகிறாராம். சுழிபுரத்தில் பண்ணிசைப் போட்டியில் எனக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குரல் தடிப்பு என்றார்கள். இங்கே அந்தத் தடிப்புக்குத்தான் மதிப்பு.

வாத்தியம் எதுவும் இல்லை. நாலு குரல், நாலு பேர். அமெரிக்காவின் தெற்கே கறுப்பு மக்கள், முடிவெட்டும் கடையில் தங்கள் முறை வரும்வரை காத்திருந்த நேரத்தில் உண்டாக்கிய பாட்டு இது. கழகத்தின் கடிதத் தலைப்பிலேயே "கறுப்பு மக்களின் இசை வேர்களை மதிப்பவர்கள்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். குடிவரவில் நிறம் பார்ப்பதில்லை என்று அரசாங்கம் போன வருடம் சொல்லிவிட்டது. கழகமும் நாட்டுக்குப் பின்னால் நிற்க விரும்பவில்லை. என்னை ஒருமனதாகச் சேர்த்தார்கள்.

சேர்வதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் முன்மொழிய வேண்டும். வழிமொழிபவர் புதியவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு நேரம் சாப்பாடு கொடுக்க வேண்டும். ஒரு மேசையில் சாப்பிடாதவர்கள் ஒரு சுருதியில் பாட முடியாது என்பது அவர்கள் கொள்கை. எனக்கு வழிமொழிந்தவர் தபால்காரர் கெவின். வெள்ளிக்கிழமை கூப்பிட்டு ஆட்டிறைச்சி வைத்தார். நான் உருளைக்கிழங்கைச் சாப்பிட்டு, இறைச்சியைப் புகழ்ந்தேன்.

மேல்மாடி இரத்தினசிங்கம் அங்கிளிடம், மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீதம் படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். குளிர் தொடங்கமுன் முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொல்லவும்.

அன்புத் தம்பி
விக்னராஜா


மெல்பேர்ண்
28 மார்ச் 1974

அன்புள்ள தம்பி,

உன் கடிதமும் உன் பல் போன செய்தியும் கிடைத்தன. அத்தானின் முழங்கால் பேச்சளவில் மோசம், நடையளவில் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு இந்த மாதம் பகல் முறை. ஆகவே நானும் சுகம்.

நீ பாடுகிறாய் என்பது சந்தோஷம். அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டா.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. சலூன் பாட்டு எப்போது மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீதம் ஆனது? இரத்தினசிங்கம் அங்கிள் முப்பது வருடம் காணிப் பதிவாளராக இருந்தவர். யாழ்ப்பாணத்தில் யார் யாருடைய பேரன் என்பது அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அமெரிக்கச் சலூனில் யார் யாருடைய பேரன் என்பதுமா அவருக்குத் தெரியும்?

யோகராணிக்கு என் அன்பு. இருமலுக்கு மிளகு ரசம் போதும். வெள்ளைக்காரனின் சிவப்புத் தண்ணீர் மருந்து வேண்டாம். அதை நான்தான் இங்கே தினமும் கொடுக்கிறேன், ஆகவே சொல்கிறேன்.

அக்கா


சிவமயம்

ஹோம்புஷ்
2 ஜூன் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் அறிய ஆசை. மழை விடுவதாக இல்லை, உடுப்புக் காயவில்லை, மற்றபடி குறையில்லை. அங்கிளைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன்.

இந்த மாதக் கடைசியில் கழகத்தின் ஆண்டுக் கச்சேரி. அதையொட்டி ஒரு சிக்கல். கறுப்பு மக்களுக்கு மரியாதை செய்யும் விதமாக, கச்சேரியன்று எல்லோரும் முகத்துக்குக் கரி பூசிக்கொண்டு பாடுவது இருபது வருட வழக்கம். போத்தல் மூடித் தக்கையைச் சுட்டு அரைத்த கரி. அதைக் கரைத்துப் பூசுவது கெவினின் மனைவி. உதட்டைச் சுற்றி மட்டும் வெள்ளை.

எனக்குப் பூசுவதா, விடுவதா? கொமிற்றி இதற்காக இரண்டு முறை கூடியது. பூசினால் என்னை அவமதித்ததாகும் என்றார் டொக்டர் பாரக்ளோ. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். இயற்கை எனக்குச் செய்ததை அவர்கள் சிரமப்பட்டுச் செய்துகொள்வதாக ஒருவர் சொல்ல, கைதட்டினார்கள். பிறகு ஒத்திகையில் எல்லோரும் பூசிக்கொண்டு வரிசையாக நின்றபோதுதான் தெரிந்தது, நடுவில் நான் மட்டும் வெளிறிப்போய் நிற்கிறேன். கெவினின் மனைவி விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவர் போதுமான அளவுக்கு இல்லை என்றா. எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. நான் வெள்ளை என்று ஒருவர் குறை சொன்னது இதுதான் முதல் தடவை. யோகராணி சிரித்த சிரிப்பில் இருமல் திரும்பிவிட்டது.

ஒரேமாதிரித் தோற்றத்துக்காக எனக்கும் கொஞ்சம் பூசலாமா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

முதல் பாட்டில் ஓரிடத்தில் என் குரல் மட்டும் தனியே கீழே இறங்கும். நாலு குரலும் சரியாகச் சேர்ந்தால், ஒருவரும் பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேலே கேட்கும். உண்மையாகவே கேட்கும், அக்கா. அதற்காக மனிதன் என்னவும் செய்வான் போலிருக்கிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி


மெல்பேர்ண்
17 ஜூன் 1974

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்பது அத்தானும் நானும் பக்கத்து வீட்டுப் பூனையும்.

கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். இவ்வளவு மரியாதையை ஒரு மனிதர் எப்படித் தாங்குவார் என்று கேட்டார்.

கச்சேரி முடிந்ததும் எழுது. பூசினாயா இல்லையா என்பதையும் எழுது.

அக்கா


சிவமயம்

ஹோம்புஷ்
14 ஜூலை 1974

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் தடிமனைத் தவிர வேறொன்றும் இல்லை. அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கச்சேரி நன்றாக நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. நீங்கள் கேட்ட விஷயம் சுமுகமாக முடிந்தது. கழுத்து வேலை கொஞ்சம் சிரமம். சவர்க்காரத்தால் போகவில்லை, தேங்காய் எண்ணெய்தான் கைகொடுத்தது.

அதைவிட முக்கியமான செய்தி வேறு. கச்சேரி முடிந்து நாங்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒருவர் உள்ளே வந்தார். நல்ல உயரம். உண்மையான கறுப்பு அமெரிக்கர். வியட்நாமில் இருந்து லீவில் சிட்னிக்கு வந்த சிப்பாய். இங்கே ஒரு பெண்ணைக் கட்டி நின்றுவிட்டார். குளிர்ப்பெட்டி திருத்துகிற வேலை. பெயர் லெஸ்டர். கழகத்தின் இருபது வருட வரலாற்றில், அவர்கள் மரியாதை செய்கிற மக்களில் ஒருவர் நேரில் வந்தது இதுதான் முதல் தடவை. பாதி முகம் கழுவிய நிலையில் டொக்டர் பாரக்ளோ அவருக்குக் கைகொடுத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைவர் பாதி, ரசிகர் பாதி.

லெஸ்டர் கோபப்படவில்லை. எல்லோரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாட்டு நல்லாய் இருந்தது. மூண்டாவது பாட்டின்ரை முடிவு பிழை. அதைத் திருத்தலாம். மூஞ்சையளுக்கு என்ன செய்யிறது எண்டுதான் தெரியேல்லை."

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம்முடைய பேச்சில் தந்திருக்கிறேன். தொனி மாறவில்லை. பிறகு அந்த முடிவைப் பாடிக் காட்டினார். தனக்கு முதற்குரல் என்றும், தன்னைச் சேர்க்க முடியுமா என்றும் கேட்டார். கரி பூச மாட்டேன் என்றார். அடுத்த வாரமே கொமிற்றி கூடிக் கரியை ஒழித்துவிட்டது. தோலில் சொறி உண்டாக்குவதால் என்று காரணம் எழுதினார்கள்.

தேநீர் குடிக்கும்போது நானும் அவரோடு இரண்டு வார்த்தை பேசினேன். எந்த ஊர், எந்தப் பக்கம், தகப்பன் பெயர் என்ன, என்ன செய்தவர் என்று கேட்டேன். நமக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்? ஊர் அமெரிக்காவின் தெற்கே மொபில் என்ற துறைமுகம். தகப்பன் அங்கே முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். பாட்டன் தொடங்கிய கடையாம். பெருமையாகச் சொன்னார்.

டொக்டர் பாரக்ளோ முன்மொழிகிறார். நிறமுள்ள ஒருவருக்கு நிறமுள்ள ஒருவரே வழிமொழிவது அழகாக இருக்கும் என்று எல்லோருக்கும் விருப்பம். ஆகவே நான் வழிமொழிகிறேன்.

உங்களுக்கும் அத்தானுக்கும் எங்கள் அன்பு.

தம்பி


மெல்பேர்ண்
5 ஆகஸ்ட் 1974

அன்புள்ள தம்பி,

தடிமன் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே குளிரில் அத்தான் கட்டிலில் இருந்தபடி நாட்டை ஆளுகிறார்.

லெஸ்டரை எனக்கு இப்போதே பிடித்துவிட்டது. வழிமொழிபவர் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். என்ன கொடுத்தாய்? கடற்கரை ஊர்க்காரர் என்றால் நண்டு பிடிக்கும். யோகராணியை நண்டுக் கறியும் பிட்டும் செய்யச் சொல். உறைப்பு அந்தப் பக்கத்தவர்களுக்கும் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்யும் ஒரு தாதி சொன்னா.

சாப்பாடு எப்படி நடந்தது என்று எழுது.

அக்கா


சிவமயம்

ஹோம்புஷ்
29 செப்டெம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. நீண்ட நாள் எழுதாததற்கு அலுவலக வேலை காரணம். ரயில்வேக்குப் புதிய பாலம் ஒன்று வரைகிறோம்.

மனிதருடைய மனம் மெல்லத்தான் மாறும் என்று இந்த நாட்களில் அடிக்கடி நினைக்கிறேன். லெஸ்டர் இன்னும் அங்கத்தவராகவில்லை. கடிதத் தலைப்பில் என்ன அச்சிட்டாலும், கறுப்பு மனிதர் ஒருவர் கதவைத் தட்டும்போது எத்தனை தடங்கல் வந்துவிடுகிறது, பார்த்தீர்களா? ஒரு நிறத்தவர் இருந்தால் போதும் என்று இவர்கள் அடிமனதில் நினைக்கிறார்களோ என்னவோ. சட்டம் போட்டால் போதாது. உள்ளம் திறக்க வேண்டும். இதைப்பற்றி ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

இதற்கிடையில் எங்கள் நால்வரில் முதற்குரல் பாடியவர் பேர்த்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மார்ச்சில் மெல்பேர்ணில் பாட்டு விழா. நாங்கள் நால்வராக வருவதாக இருந்தோம். நீங்கள் முன் வரிசையில் இருந்து நான் கீழே இறங்குகிற இடத்தைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை; வேறு எவருக்காகவும் நான் பாடவில்லை என்றுகூடச் சொல்லலாம். லெஸ்டரை விட்டால் அந்தக் குரலுக்கு ஆளில்லை. அங்கத்தவர் அல்லாதவர் பாட முடியாது. இழுபடுகிறது.

இங்குள்ள நம்மவர்களின் வெள்ளிக்கிழமைப் பஜனை ஒழுங்காக நடக்கிறது. அங்கிள் தேவாரம் தொடங்கினால் மற்றவர்கள் அவர் முடிக்கும்வரை காத்திருக்கிறோம். பஜனை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டில். எங்கள் முறை தை மாதம்.

நண்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே நல்ல நண்டு கிடைப்பது அரிது.

தம்பி


மெல்பேர்ண்
1 டிசெம்பர் 1974

அன்புள்ள தம்பி,

சுகமாக இருப்பாய். நாங்களும் அப்படித்தான்.

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி. பல் வைத்தியர்களின் மாநாட்டுக்கு மெல்பேர்ணுக்கு வந்த டொக்டர் பாரக்ளோ. விழா மண்டபத்தையும் பார்த்துவிட்டு, நீ கொடுத்த விலாசத்தில் எங்களையும் பார்க்க வந்தார். நல்ல மனிதர். இடியப்பத்தைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டார். அத்தானின் வாயைத் திறக்கச் சொல்லி இரண்டு பல்லைக் கண்டித்தார்.

லெஸ்டரை ஏன் சேர்க்காமல் இழுக்கிறீர்கள் என்று, உன் கட்டுரைக் கோபத்தில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டு கேட்டேன். அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. கொமிற்றி ஜூலையிலேயே ஒருமனதாகச் சம்மதித்துவிட்டதாம். உன் வீட்டுச் சாப்பாட்டுக்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்களாம்.

ஆடி மாதம் விருந்துக்கு ஆகாது என்று நீ சொன்னாயாம். ஆவணியில் உன் நட்சத்திரத்துக்குக் கூடாத காலமாம். புரட்டாதி சனீஸ்வரனுக்குரியதாம். ஐப்பசியில் கந்தசஷ்டி. கார்த்திகையில் என்னவென்று அவருக்கு நினைவில்லை, ஆனால் ஏதோ தீபம் சம்பந்தப்பட்டது என்றார். வேறு வீட்டில் வைத்திருக்கலாமே என்றேன். கெவின் கூப்பிடுவதாகச் சொன்னாராம். உன்னை விலக்கியதாகிவிடும் என்று கொமிற்றி தடுத்துவிட்டதாம். "உங்கள் பண்பாட்டை நாங்கள் மதிக்க வேண்டும் அல்லவா?" என்று என்னையே கேட்டார். மாதத்துக்கு ஒருமுறை உன் பஞ்சாங்கத்தைக் கூட்டத்தில் விசாரிக்கிறார்களாம்.

ஒத்திகை நாட்களில் லெஸ்டர் வந்துவிடுகிறாராம். அங்கத்தவரல்லாதவர் உள்ளே பாடக்கூடாது என்பதால் வெளிப் படிக்கட்டில் இருந்து, ஜன்னலால் கேட்டு, தன் குரலை அங்கிருந்தே பாடுகிறாராம். நன்றாகக் கேட்கிறது என்றார் டொக்டர்.

நம்மூர்க் கோயிலில் வெளிவீதியில் நின்று பாடியவர்களின் குரலும் நன்றாகக் கேட்டது.

அங்கிள் உன் மேசையில் இருக்கும் லெஸ்டரிடம் தகப்பன் பெயரைக் கேட்பார். நீயே கேட்டுவிட்டாயே, அவர் கேட்பதற்கா இவ்வளவு பயம்?

மார்கழி பிறக்கப் போகிறது. அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாய்.

அக்கா


மெல்பேர்ண்
30 டிசெம்பர் 1974

தம்பி,

டார்வினில் புயல் அடித்த செய்தியைக் கேட்டதும், அது சிட்னிக்கு எவ்வளவு தூரம் என்று தெரிந்தும், உன்னை நினைத்தேன். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சுகமா?

யோகராணி ரெலிபோன் எடுத்தாள். நான் எழுதியதை வாசித்தாளாம். நீ வாசித்தாயா என்று தெரியாதாம், மேசையில் கிடக்கிறதாம்.

பெரியவர்களை மதிப்பது நல்லது. நானும் உனக்குப் பெரியவள்தான்.

அக்கா


சிவமயம்

ஹோம்புஷ்
9 பெப்ரவரி 1975

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் நலமென்று யோகராணி சொன்னாள். நானும் நலம். கட்டுரையை நிறுத்திவிட்டேன்.

ஒருவழியாக நல்ல நாள் ஒன்று கிடைத்தது. தைப்பொங்கல். நான் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. கடிதத்தை வாசித்த யோகராணி, குசினியில் நின்றபடி சொன்னாள்:

"நீங்கள் கூப்பிடுறீங்களோ, இல்லாட்டி நான் படிக்கட்டிலை போய்க் கூப்பிடட்டோ? உந்தப் பஞ்சாங்கத்தை நான் குப்பையிலை போட்டிட்டன்."

உண்மையாகவே போட்டிருந்தாள். போய்ப் பார்த்தேன்.

பொங்கலன்று பின்னேரம் லெஸ்டரும் மனைவி ஷேர்லியும் டொக்டரும் வந்தார்கள். நல்ல நாள் என்பதால் நண்டு இல்லை. மரக்கறிச் சாப்பாடு, பொங்கல், வடை. லெஸ்டர் மிளகாய்ப் பொரியலை வெறுமனே சாப்பிட்டார். சாப்பாடு பாதியில் கதவு தட்டப்பட்டது. அங்கிள். எங்கள் வீட்டில் வடை சுட்டால் மேல்மாடியில் தெரிந்துவிடும்.

அவருக்கு ஒரு கதிரை போட்டேன். இருந்தார். யோகராணி இலை போட்டாள். அங்கிள் லெஸ்டரைப் பார்த்து, நான் பயந்த கேள்வியை, நான் பயந்த அதே வரிசையில் கேட்டார். எந்த ஊர், எந்தப் பக்கம், தகப்பனார் என்ன தொழில்? லெஸ்டரும் ஒளிக்காமல் சொன்னார். கத்தரிக்கோல், பாட்டன், கடை எல்லாம். மொபில் நகரத்து மேயர்கூட இரவில் பின்கதவால் வந்து தன் தகப்பனிடம்தான் முடிவெட்டிக்கொள்வார் என்றும் சொன்னார். பகலில் முன்கதவால் வந்தால் ஊர் பேசுமாம். ஷேர்லி சிரித்தா. நான் சிரிக்கவில்லை.

அங்கிள் இலையைப் பார்த்தார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழும்பினார். அவர் வீட்டில் அடுப்பை மருமகள்தான் தொடுவாள். அவருக்கு அதை மூட்டத் தெரியாது.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருக்கலாம். சொன்னது யோகராணிதான்.

"இருந்து சாப்பிடுங்கோ அங்கிள். இல்லாட்டி நீங்கள் ஏன் எழும்பினனீங்கள் எண்டு அவருக்கு நான் இங்கிலீசிலை சொல்ல வேண்டிவரும்."

எழும்பியவர் எழும்பினபடியே நின்றார். பிறகு போட்டு வாறன் என்று போனார். நான் அந்த இலையைத் தூக்கவில்லை. லெஸ்டர், அந்தப் பெரியவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்ல வாயைத் திறந்து, இல்லை என்று சொன்னேன். ஏன் போனார் என்பதையும் சொன்னேன். அவ்வளவு நாள் படிக்கட்டில் இருந்ததற்கு யார் காரணம் என்பதையும் சொன்னேன். டொக்டர் பாரக்ளோ கரண்டியைக் கீழே வைத்தார். இந்த வழக்கத்தையும் மதிக்க வேண்டுமா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

லெஸ்டர் கையில் இருந்த வடையைத் தின்று முடித்தார். "பஞ்சாங்கம் எண்டதை நான் முதல் மாதமே நம்பேல்லை" என்றார். "ஆனால் இப்பிடியொரு சாட்டு எங்கடை ஊரிலைகூட ஒருத்தனுக்கும் தோன்றேல்லை." பிறகு இன்னொரு வடை கேட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வடை கேட்டார், அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளி பஜனை எங்கள் முறை. யோகராணி ஒரு பானை கடலை அவித்தாள். வழக்கமாக வருகிறவர்களில் சச்சிதானந்தன் மட்டும் வந்தான். அதுவும் பொங்கல் விருந்துச் செய்தி அவனுக்குப் பிந்திக் கிடைத்ததால்தான். மூன்று பேரும் பாடினோம். கடலையைத் திங்கட்கிழமை ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். கழகத்தில் நல்ல வரவேற்பு. கெவின் தாளிதத்தில் இருந்த செத்தல் மிளகாயையும் கடித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் இனிப் பஜனை நடக்குமா என்று தெரியாது. எனக்கு அது கவலையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கிறதுதான், ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் நால்வரும் இப்போது என் வீட்டில்தான் பழகுகிறோம். நேற்று அங்கிளின் மருமகள் யோகராணியிடம், மாமா ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்கிறார் என்றும், கீழ்க்குரல் கொஞ்சம் சுருதி விலகுவதாகச் சொல்கிறார் என்றும் சொல்லியிருக்கிறாள். லெஸ்டரும் அதைத்தான் சொல்கிறார்.

மார்ச் 15 சனிக்கிழமை வருகிறோம். பஸ்ஸில் வந்து அன்றிரவே திரும்புகிறோம். முன் வரிசையில் இடம் பிடித்துவையுங்கள்.

தம்பி


மெல்பேர்ண்
18 மார்ச் 1975

அன்புள்ள தம்பி,

சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். பஸ் காத்திருந்ததால் உன்னோடு ஒழுங்காகப் பேச முடியவில்லை. யோகராணி கொடுத்துவிட்ட பருத்தித்துறை வடையில் பாதி அத்தானுக்குப் போய்விட்டது. அவர் கச்சேரிக்கு வராததற்கு முழங்கால் காரணமில்லை. பக்கத்து வீட்டில் கலர் ரெலிவிஷன் வாங்கியிருக்கிறார்கள். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

முன் வரிசையில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. நாலாவது வரிசையில் ஒரு கிழவிக்கும் தூணுக்கும் நடுவில் இருந்தேன். உங்களுக்கு முந்திப் பாடிய கழகம் முகத்துக்குக் கரி பூசிக்கொண்டு வந்தது. மண்டபம் கைதட்டியது. அவர்கள் இறங்க, நீங்கள் நாலு பேரும் வெறும் முகத்தோடு ஏறினீர்கள். படியில் லெஸ்டரும் அவர்களும் எதிரெதிரே வந்தபோது அவர்களில் ஒருவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அது உனக்குத் தெரிந்திருக்காது. நீ உன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு ஏறினாய்.

நீ கீழே இறங்குகிற இடத்தைக் கேட்டேன். அம்மா நம்பியிருப்பா. ஐந்தாவது குரல் எனக்குக் கேட்கவில்லை. தூண் மறைத்திருக்கலாம்.

உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தது வேறு. நீங்கள் நாலு பேரும் நிற்க, பக்கத்தில் இருந்த கிழவி என் சேலையைப் பார்த்துவிட்டு, மேடையில் உன்னுடைய ஆள் யாரும் நிற்கிறார்களா என்று கேட்டா. தம்பி நிற்கிறான் என்றேன். கிழவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நால்வரையும் நன்றாகப் பார்த்து, லெஸ்டரைக் காட்டி, "அந்த உயரமானவர்தானே?" என்று கேட்டா.

ஓம் என்றேன். திருத்தலாமா என்று யோசிப்பதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது.

அக்கா